நடுத் தண்ணீர்

சிவப்பி தொட்டிக்குள் வாயை வைத்தாள். மூக்கைச் சுருக்கினாள். தலையை உதறிக்கொண்டு பின்னுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற மற்ற மாடுகளும் அப்படியே செய்தன. ஐப்பசி பிறந்தும் நெடுந்தீவில் ஒரு சொட்டு மழையில்லை. விடிந்ததிலிருந்து தரவை வெளியில் காய்ந்த புல்லை நக்கிவிட்டு வந்த மாடுகள் தண்ணீரைக் கண்டு விலகுவதை அன்னமுத்து தன் வாழ்நாளில் கண்டதில்லை.

"ஏனடி, உனக்கு இளனி வெட்டித் தரட்டோ?" என்று சிவப்பியின் முதுகில் ஒன்று போட்டாள். பிறகு தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். கை அப்படியே நின்றது.

கிணற்றுக்கு ஓடினாள் என்று சொல்ல முடியாது. அவளுடைய முழங்கால் அவளை ஓடவிடுவதில்லை. ஆனால் போன வேகத்தில் ஒரு செருப்பு வழியிலேயே கிடந்தது. கிணற்றுக் கட்டில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள். தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பளபளப்பு மெல்ல நெளிந்துகொண்டிருந்தது.

அது என்ன கிணறு என்று தெரியாதவர்களுக்கு இந்தப் பதற்றம் விளங்காது. நெடுந்தீவின் அடி முழுக்கக் கல். எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். வந்ததில் பாதிக்கு மேல் வாயில் வைக்க முடியாது. மழைத்தண்ணீர் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரின் மேல் பாய் விரித்ததுபோல மிதந்து நிற்கும். அந்தப் பாயின் தடிப்பு இருக்குமட்டும்தான் மனிதருக்கும் மாட்டுக்கும் சீவியம். அவசரப்பட்டு இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். ஏறினால் லேசில் இறங்காது. பக்கத்து வளவுகள் இரண்டில் எண்ணெயில் ஓடும் பம்பு வைத்து விடிய விடிய இறைத்தார்கள். இப்போது அந்தக் கிணறுகள் கால் கழுவத்தான் உதவுகின்றன. அன்னமுத்து கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து வாளியால்தான் அள்ளுகிறாள். அதனால் அவளுடைய கிணறு தப்பியது. ஒழுங்கைத் தெருவில் உள்ள வீடுகள் எல்லாம் குடிக்க அங்கேதான் வரும். வந்தால் அவளுடைய வாயையும் கேட்டுக்கொண்டுதான் அள்ள வேண்டும். "வாய்தான் உவர், தண்ணி நல்லம்" என்று பெண்கள் தங்களுக்குள் சிரிப்பார்கள். அது அவளுக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டுத் தயானி இடுப்பில் பிள்ளையும் கையில் குடமுமாகப் படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"வையடி குடத்தை."

"என்ன மாமி, வந்தவுடன பேச்சோ?"

"பேச்சில்லை. வந்து மணந்து பார்."

தயானி குனிந்து பார்த்தாள். முகம் வெளுத்தது. "மாமி, காலமை நான் இதிலதான் பிள்ளைக்குப் பால்மாக் கரைச்சனான்."

"குடிச்சவனோ?"

"கொஞ்சம். பேந்து துப்பிப் போட்டான். சளி எண்டு நினைச்சிட்டன்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இப்பவே போ. நிண்டு என்ர முகத்தைப் பாக்காதை."

தயானி குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அன்னமுத்து ஒரு வாளி தண்ணீரை அள்ளி எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கினாள்.

அவளுடைய வளவின் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் தீவுக்குக் கறண்ட் கொடுக்கும் நிலையம். இரவு பகலாய் அங்கே டீசல் எஞ்சின் உறுமும். அந்த டீசல் கடலால் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் வள்ளம் வராது. வள்ளம் வராவிட்டால் கொஞ்ச நாளில் வெளிச்சமும் வராது. எஞ்சின் துப்பும் கறுப்பு அன்னமுத்துவின் முருங்கை இலையில் படியும். கழுவாமல் ஒரு சுண்டல் வைக்க முடியாது. எதிர்த் தரையில் சோலார்த் தட்டுக்கும் காத்தாடிக்கும் தூண் நடும் வேலை நடக்கிறது. அது முடிந்தால் எஞ்சினைப் படுக்கப் போடலாம் என்கிறார்கள். அன்னமுத்து தன் கண்ணால் பார்த்தாலொழிய எதையும் நம்புகிறவள் இல்லை. எஞ்சின் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, கிணற்றில் எண்ணெய் மிதக்கிறது. இதற்கு மேல் என்ன யோசனை.

நிலையத்துக் கேற்றடியில் ரொட்டி விற்க வந்த பாண்காரனின் மோட்டார்சைக்கிளைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள்.

"ரஜீபன், வாடா வெளியில."

எஞ்சின் பார்க்கும் ரஜீபன் கையைத் துணியில் துடைத்தபடி வந்தான். அதே தீவில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டுத் திரும்பி வந்த பொடியன். அவன் வாயைத் திறக்க முன்னரே வாளித் தண்ணீர் அவனுடைய காலில் விழுந்தது.

"உதைத்தான் கொம்மா உனக்குப் பருக்கி வளத்தவளோ? கழிச்ச எண்ணெயை எங்கையடா ஊத்துறியள்? என்ர மதிலடியிலயோ?"

"அன்னமக்கா, கொஞ்சம் பொறுங்கோ."

"பொறுத்துத்தான் முருங்கையைக் கழுவிக் கழுவித் திண்டனான். பச்சைப் பிள்ளை ஒண்டு இப்ப ஆஸ்பத்திரியில கிடக்கு. பொறுக்கச் சொல்லுறாய்."

ரஜீபன் கோபப்படவில்லை. குனிந்து, நனைந்த காற்சட்டையை விரலால் தேய்த்து மணந்தான். இன்னொரு தரம் மணந்தான்.

"அக்கா, எங்கட எண்ணெய்ப் பரலெல்லாம் சீமெந்துத் தரையில நிக்குது. உள்ளுக்கு வந்து பாருங்கோ. அதை விடுவம். இது டீசல் இல்லை. மண்ணெண்ணெய். நாங்கள் மண்ணெண்ணெய் எரிக்கிறேல்லை."

அவன் சொல்லும்போதே அன்னமுத்துவுக்கு அது உண்மை என்று தெரிந்துவிட்டது. பிறந்த நாளிலிருந்து கைவிளக்கிலும் லாம்பிலும் அந்த மணத்தோடு இருந்தவள் அவள். பள்ளிக்கூடம் அவளுக்கு எழுத்தைக் காட்டவில்லை, மூக்கு இருந்தது. அந்த மூக்கைக் கோபத்தில் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

பாண்காரன் வடக்குப் பக்கம் கையை நீட்டினான். "அக்கா, வானம் கறுக்குது. மண்ணுக்கை எங்கையோ எண்ணெய் கிடக்கெண்டால் கெதியாத் தேடுங்கோ. ஒரு மழை பெய்தாக் காணும், கல்லு வெடிப்புக்குள்ளால எல்லாத்தையும் கழுவிக்கொண்டு போயிடும். உங்கட கிணறு மட்டுமில்லை, பள்ளத்தில இருக்கிற கோயில் கிணறும் போச்சு."

கோயில் கிணறு போனால் அந்தப் பக்கத்தில் குடிக்க வேறு தண்ணீர் இல்லை. வெறும் வாளியோடு அன்னமுத்து திரும்பி நடந்தாள். வாடை முகத்தில் அடித்தது. நேற்றுவரை அவள் கும்பிட்டுக் கேட்ட மழை அது.

நடக்கும்போதே கணக்குப் பார்த்தாள். விளக்குக்கு மண்ணெண்ணெய் எரிக்கும் வீடு இப்போது ஒழுங்கையில் இல்லை. தோணி எஞ்சினுக்குத்தான் அது வேண்டும். ஒழுங்கையில் தோணி வைத்திருப்பவன் ஒருவன்தான். சின்னக்குட்டி, அவளுடைய புருசனின் தம்பி.

வளவுக்குள் வந்து மாட்டுப் பட்டிக்குப் பின்னால் போனாள். கிணற்றுக்கும் பட்டிக்கும் நடுவில் இரண்டு பனை நிற்கிறது. அதன் கீழே பழைய வலைகளைக் குவித்து வைத்திருந்தான் சின்னக்குட்டி. எண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற வருசம், "கொஞ்ச நாளைக்குக் கிடக்கட்டும் மச்சாள்" என்று கேட்டு வைத்தது. அதற்குப் பிறகு அவன் அந்த வலையை எடுக்கவும் இல்லை, அங்கே மாடு கட்ட விடவும் இல்லை. வேலிக் கிளுவை அந்த இடத்தில் மட்டும் கருகியிருந்தது. வெயில் என்று நினைத்திருந்தாள். வலையை இழுத்து எறிந்துவிட்டு இரும்பு அலவாங்கை மண்ணில் குத்தினாள். நுனியில் ஒட்டி வந்த மண் ஈரமாய்க் கறுத்து, மணத்தது.

சின்னக்குட்டி வந்தான். எழுபதுக்குக் கிட்டிய மனிதன். வாயில் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் நடை தளர்ந்தது.

"உதென்ன?"

"வலை."

"வலைக்குக் கீழை."

"மண்."

"மண்ணுக்குக் கீழை, சின்னக்குட்டி."

அவன் சுருட்டை வாயில் இடம் மாற்றினான்.

"முதல்ல அந்தச் சுருட்டை எடுத்துக்கொண்டு வேலிக்கு அங்கால போ. போட்டு மிதிச்சிட்டு வா. நீ எரிஞ்சு போறது உன்ர விருப்பம். என்ர மாடு எரியப்படாது."

அவன் போய் மிதித்துவிட்டு வந்து குந்தினான். "ரெண்டு பரல் மண்ணெண்ணெய், மச்சாள். தாட்டு வைச்சனான்."

"என்ர வளவுக்கை."

"அந்த நேரம் பொலிசு வீடு வீடாத் தேடினது. நீர் தனிய இருக்கிறனீர். உம்மட வளவுக்கை வந்து கிண்டமாட்டாங்கள் எண்டு."

"என்ர வாய்க்குப் பயந்து பொலிசு வராது எண்டு பாத்தனி."

"அதுவும்தான்."

வேறு நேரமென்றால் அவள் சிரித்திருப்பாள்.

"சண்டைக் காலத்தில எல்லாரும் தாட்டதுதானே. ஒண்டும் நடக்கேல்லையே," என்றான் அவன்.

"அண்டைக்குத் தாட்டது கடற்கரை மணலில. ஒரு மாசத்துக்கை கிண்டி எடுத்து எரிச்சுப் போடுவியள். இது வருசக் கணக்கா உப்புக் கல்லுக்கை கிடக்கு. தகரம் திண்டுபோகாதோ? பேந்து எண்ணெய் தாராளமா வந்ததே, ஏன் எடுக்கேல்லை?"

சின்னக்குட்டி தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "திரும்ப இல்லாமப் போகும் மச்சாள். எப்பவும் திரும்ப இல்லாமப் போகும். அண்டைக்கு ஒரு கலன் எண்ணெய் கூட இருந்திருந்தா அண்ணை இருப்பார்."

அந்தக் கதை வீட்டில் பேசப்படுவதில்லை. சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்குத் தடை. அளந்து கொடுத்தது போதாது என்று அண்ணனும் தம்பியும் அதில் தேங்காய் எண்ணெயைக் கலந்து எஞ்சினுக்கு ஊற்றிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். நடுக்கடலில் எஞ்சின் இருமி நின்றது. நீரோட்டம் தோணியை இழுத்துக்கொண்டு போயிற்று. வேறு யாரோ கண்டு கட்டி இழுத்து வந்தபோது தம்பிக்கு உயிர் இருந்தது, அண்ணனுக்கு இல்லை. அன்னமுத்துவுக்கு அப்போது முப்பது கூட முடியவில்லை, பிள்ளையும் இல்லை. தாய் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போகவில்லை. இரண்டு பசுக் கன்றோடும் இந்தக் கிணற்றோடும் இருந்துவிட்டாள். கிணறு இருந்ததால் மாடு இருந்தது. மாடு இருந்ததால் அவள் ஒருவரிடமும் கை நீட்டவில்லை.

"சின்னக்குட்டி, கேள். கொண்ணர் எண்ணெய் இல்லாமச் சாகேல்லை. எஞ்சின் நிண்டு எத்தினை பேர் வந்து சேந்தவை. அவர் தண்ணி இல்லாமச் செத்தவர். நீதானே சொன்னனீ, கடைசியாத் தண்ணி கேட்டவர் எண்டு."

அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

"அழுறதெண்டா இரவைக்கு அழு. மண்வெட்டியை எடு."

தோண்டினார்கள். மேல் மண் ஓரடிதான். அதற்குக் கீழே உடைந்த கல்லும் சுண்ணாம்பும். அலவாங்கைப் பலமாய்ப் போட முடியாது: கல்லில் பட்டால் பொறி, பரலில் பட்டால் ஓட்டை. அதனால் கல்லைக் கையால் பெயர்த்துப் பெயர்த்து எடுத்தார்கள். மணம் தலையைச் சுற்றியது. அன்னமுத்து சேலைத் தலைப்பை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டாள். முதல் பரலின் தகரப் பீப்பாய் உடம்பு தெரிந்தது. பக்கத்தில் கை நுழையும் பொத்தல். உள்ளே அடியில் கொஞ்சம்தான் மிச்சம். மற்றதெல்லாம் மண் குடித்துவிட்டது.

இரண்டாவது பரல் அதற்குப் பின்னால், இன்னும் கொஞ்சம் ஆழத்தில். சின்னக்குட்டி விரலால் தட்டினான். சத்தம் வரவில்லை. கழுத்துவரை நிரம்பி இருந்தது. தகரம் செதிள் செதிளாய் உரிந்து, சில இடங்களில் கடதாசிபோல மெலிந்திருந்தது. அடிப்பக்கம் வியர்த்ததுபோல ஈரம்.

"கயிறு போட்டுத் தூக்குவம்," என்றான்.

"தூக்கு. பாதி வழியில அடி கழண்டு முழுக்கக் கிணத்துக்குப் போகட்டும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"உள்ளுக்கை இருக்கிறதை முதல்ல எடுக்கவேணும். இழுக்கிற பம்பி ஒண்டு வேணும்."

பரலிலிருந்து எண்ணெய் இழுக்கும் கைப்பம்பி பக்கத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் அது தெரியும். சின்னக்குட்டி மதிலைப் பார்த்தான்.

"நான் போய்க் கேக்கட்டோ மச்சாள்?"

"தண்ணி ஊத்தினது நான். நீ பரலைப் பாத்துக்கொண்டு இரு. தொடாதை."

கேற்றடியில் காலையில் நின்றவர்களில் பாதிப்பேர் கதை முடியாமல் இன்னும் நின்றார்கள். அன்னமுத்து வருவதைக் கண்டதும் விலகி வழி விட்டார்கள். மறுபடியும் வாளி வருகிறதோ என்று பார்த்தார்கள்.

"ரஜீபன்."

அவன் வந்தான். கேற்றைத் திறக்கவில்லை.

"காலமை நான் ஏசினது பிழை. உன்ர தாயை இழுத்ததும் பிழை. எண்ணெய் எங்கட ஆள் தாட்டது." எல்லோருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னாள். பிறகு மூச்சை எடுத்தாள். "ஆனா முருங்கையில கறுப்புப் பிடிக்குதெண்டு சொன்னது பிழையில்லை."

ரஜீபனின் வாய்க்கடை கொஞ்சம் அசைந்தது. "அது பிழையில்லை அக்கா."

அவள் பரலைப் பற்றிச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே வானத்தைப் பார்த்தான். வடக்குப் பாதி ஈயம் பூசியதுபோல இருந்தது.

"பம்பி தாறன். வெறும் சின்னப் பரல் ரெண்டும் தாறன், கைவண்டிலில கொண்டு போங்கோ. நான் வர ஏலாது. என்னோட எஞ்சின் பாக்கிற மற்றவன் யாழ்ப்பாணம் போனவன். கடல் கூடாதெண்டு இண்டைக்கு வள்ளம் இல்லை. இந்த எஞ்சினும் சூடேறுது, நான் அங்கால இங்கால போனா நிண்டிடும். தயானியின்ர பிள்ளையை ஆஸ்பத்திரியில வைச்சுப் பாக்கினம். அங்கை கறண்ட் வேணும்."

"சரி."

"இன்னொண்டு. எங்கட தாங்கிக்கு டீசல் ஏத்துறதும் இதாலதான். பொழுதுபட முன்னம் பம்பி திரும்ப வரவேணும். வராட்டித் தீவே இருட்டு. மூடியை இரும்பால தட்டாதேங்கோ. மரத்தால தட்டுங்கோ."

கைவண்டிலைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது அன்னமுத்துவின் முதுகில் முதல் துளி விழுந்தது. ஒரே ஒரு துளி. மற்றது வரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

சின்னக்குட்டி தோணியின் மரச் சுத்தியலால் மூடியைச் சுற்றித் தட்டினான். துரு விடவில்லை. தட்டத் தட்டப் பரல் நடுங்கியது. நடுங்க நடுங்க அடியில் ஈரம் கூடியது. அன்னமுத்து கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். நூல் பிடித்ததுபோல ஒரு ஒழுக்கு.

"நிப்பாட்டு."

குசினிக்குப் போய், உடுப்புத் தோய்க்கும் சவுக்காரக் கட்டியை எடுத்து வந்தாள். கையில் பிசைந்து மெதுவாக்கி, குழிக்குள் படுத்துக் கையை நீட்டி ஒழுக்கில் அப்பினாள். தோணியின் எண்ணெய்த் தாங்கி ஓட்டையானால் அவளுடைய புருசன் அப்படித்தான் செய்வான். சவுக்காரத்தை எண்ணெய் கரைக்காது. ஆனால் கையை எடுத்தால் அது நிற்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் எடுக்கவில்லை.

"இப்ப தட்டு."

"மச்சாள், நீர் அதுக்கை கிடக்க..."

"தட்டெண்டுறன்."

மூடி கழன்றது. பம்பியின் குழாயை உள்ளே விட்டு அவன் கைபிடியைச் சுற்றத் தொடங்கினான். எண்ணெய் மேலே வெறும் பரலில் விழும் சத்தம் கேட்டது. அன்னமுத்து குழிக்குள் விலாப் பக்கமாய்க் கிடந்தாள். கண் எரிந்தது. உள்ளங்கையின் கீழே தகரம் மெல்ல உள்ளுக்கு நெளிவது தெரிந்தது. வெளியே சின்னக்குட்டியின் மூச்சு வாங்கியது; கை மாற்ற ஆளில்லை. அந்த நேரம் தயானி படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பிள்ளை?" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒண்டுமில்லை மாமி. நெஞ்சுக்கை போகேல்லை எண்டு டொக்டர் சொன்னவர். அம்மாவோட விட்டிட்டு வந்தனான். நீங்கள் ஏன் உதுக்கை?"

"காத்து வாங்குறன். அந்தாளைத் தள்ளிப் போட்டு நீ சுத்து."

தயானி சுற்றினாள். முதல் வெறும் பரல் நிரம்பியது. இரண்டாவதுக்கு மாற்றினார்கள். வாடை பனையோலையைச் சடசடவென்று அடித்தது. பம்பி ஒரு தரம் காற்றை இழுத்துக் கொறகொறத்தது. அதற்குப் பிறகுதான் அன்னமுத்து கையை எடுத்தாள். கை விரியவில்லை. மற்றக் கையால்தான் விரல்களை ஒவ்வொன்றாய் நிமிர்த்தினாள்.

"பம்பியைத் துடைச்சுக் கொண்டுபோய்க் குடு," என்று தயானியை அனுப்பினாள். "ஓடிப் போ. பொழுது படுது."

இனி மண். எண்ணெய் குடித்த மண்ணை ஓலைக் கடகத்தில் அள்ளி அள்ளிச் சின்னக்குட்டி கைவண்டிலில் போட்டான். அதை ஒழுங்கை முனையில் விரித்த தகரத்தின் மேல் கொட்டி, இன்னொரு தகரத்தால் மூடினார்கள். பாதி கூட அள்ளவில்லை. மழை வந்தது. தூறி அறிவித்து வருகிற மழை இல்லை. ஒரே அடியாய், கல்லை எறிந்ததுபோல.

"படங்கு," என்றாள் அன்னமுத்து.

சின்னக்குட்டி தோணி மூடும் படங்கை இழுத்து வந்தான். குழிக்கு மேலே விரித்தார்கள். காற்று அதைப் பிடுங்கியது. அன்னமுத்து ஒரு மூலையில் ஏறி இருந்தாள். அவன் மற்றதில். திரும்பி வந்த தயானி மூன்றாவதில். நாலாவது மூலை எழும்பி எழும்பி அடித்தது. மழை அந்த வாயால் குழிக்குள் போகத் தொடங்கியது. கல்லைத் தூக்கி வைக்க எழும்பினால் இன்னொரு மூலை போய்விடும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ரஜீபன் மதிலேறிக் குதித்து வந்து நாலாவது மூலையில் முழங்காலைக் குத்தினான்.

"எஞ்சின்?" என்றாள் அன்னமுத்து.

"மழையில குளிர்ந்து கிடக்கு. தாங்கியும் நிரப்பியாச்சு. கொஞ்ச நேரம் தனிய ஓடும்."

நாலு பேரும் மூலைக்கு ஒருவராய் அழுத்திக்கொண்டு இருந்தார்கள். பேசினாலும் கேட்டிருக்காது. தண்ணீர் படங்கின் மேலால் வழிந்து ஒழுங்கைப் பக்கம் ஓடியது. கிணற்றுப் பக்கம் போகவில்லை. அன்னமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிய வானம் வெளுத்திருந்தது. பழைய பரல்களையும் மிச்ச மண்ணையும் சின்னக்குட்டி குழியிலிருந்து எடுத்து முடித்தான். தயானி கோயில் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, மணந்து, வாயில் வைத்து, விழுங்கிப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்லாயிருக்கு மாமி."

அன்னமுத்துவின் கிணறு அப்படி இல்லை. மயில் நிறம் மிதந்தது. பழைய சாரத் துணியையும் சாக்கையும் கயிற்றில் கட்டி இறக்கி, ஒத்தி ஒத்தி எடுத்தார்கள். பிழிந்ததைத் தகரப் பேணியில் சேர்த்தார்கள். எடுக்க எடுக்கக் கல்லுக்குள்ளிருந்து மெல்லிசாய்க் கசிந்து வந்தது. பாண்காரன் கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்று யோசனை சொன்னான்.

"பெரிய எண்ணெய்ப் பம்பு ஒண்டை வைச்சு ஒரே பகலில முழுக்க இறைச்சு விடுங்கோ அக்கா. புதுத் தண்ணி ஊறும்."

"ஊறும். உப்பா ஊறும். மேலை எண்ணெய், கீழை உப்பு. நடுவில கொஞ்சம்தான் என்ர தண்ணி கிடக்கு. அதையும் இழுத்துக் கடலில விடச் சொல்லுறாய்."

தயானிதான் யோசித்துச் சொன்னாள். அவளுடைய மிளகாய்த் தோட்டத்தில் ஒரு சின்னச் சோலார்ப் பம்பு இருக்கிறது. குழந்தை மூத்திரம் பெய்வதுபோலத்தான் தண்ணீர் வரும் என்று ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. வெயில் இருக்குமட்டும் ஓடும், ஒரே சீராய் ஓடும், உப்பைக் கிளப்பாது. அன்னமுத்து போய்ப் பார்த்தாள். குழாய் வாயில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உதைக் கொண்டு வா. உதுதான் வேணும்."

சோலார்த் தட்டு ஒன்று போதாது என்று தெரிந்ததும் சின்னக்குட்டி தன் வீட்டுக் கூரையில் வெளிநாட்டு மகன் பூட்டிக்கொடுத்த தட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான். யாரும் கேட்கவில்லை. எடுத்த மண்ணெண்ணெயைத் தோணிக்காரருக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டான். மாடுகளைக் காலையும் மாலையும் கோயிலடிக்கு ஓட்டிப்போய்த் தண்ணீர் காட்டுவதும் அவன் வேலையாயிற்று. அதை அன்னமுத்துவே கேட்டாள், கேட்டது மட்டுமில்லை, ஒவ்வொரு நாளும் படலையில் நின்று பார்த்தாள்.

சோலார்ப் பம்பு நூல்போல இறைத்தது. தண்ணீரைக் கிணற்றுக்குத் தூரமாய், ஒழுங்கைக்கு அப்பால் விட்டார்கள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, எண்ணெயின் நிறம் மெலிந்ததுபோல இருந்தது. அன்னமுத்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். மண்ணெண்ணெய் மணத்தது. உப்பு இல்லை. இன்னொரு தரம் வைத்தாள். உப்பு இல்லை.

அந்த நேரம் வானம் மறுபடி மூடியது. பம்பு முனகிக்கொண்டு நின்றது.

சின்னக்குட்டி தட்டைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். "கார்த்திகை வருது மச்சாள். இனி வெயிலை நம்ப ஏலாது. உது நாளுக்கு அரைவாசி நேரம் சும்மாதான் கிடக்கும்."

"ஓம்."

"என்ன செய்யிறது?"

அன்னமுத்து கிணற்றுக் கட்டில் கிடந்த வாளியை எடுத்து, கயிற்றைச் சரிபார்த்து, அவனுடைய கையில் கொடுத்தாள்.

"வெயில் இருக்கேக்க அது இறைக்கட்டும். வெயில் இல்லாத நேரம் நீ இறை. மெல்ல இறை, சின்னக்குட்டி. அடியைத் தொடாதை."

அவன் வாளியை இறக்கினான். மெல்ல.